பாவித்த ரெகுலேட்டர் வாங்கப் போகும் மலையகத் தம்பிமாருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கரையில் சுழியோடல் பருவம் சித்திரை பிறந்ததும் தொடங்கிப் புரட்டாதி வரை ஓடும். நிலாவெளியும் பாசிக்குடாவும் அடங்கிய பிறகு, கார்த்திகையில் ஹிக்கடுவ, உனவட்டுனப் பக்கம் கடல் தெளியும். இந்த இரண்டு பருவத்துக்கும் ஹோட்டல் வேலைக்கும் படகு வேலைக்கும் மலையிறங்கிப் போகும் நம் பிள்ளைகளில் சிலர், காற்றுச் சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபாவும் பழகி, வழிகாட்டிச் சுழியோடியாக வரப் பார்க்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர்கள் தேடுவது முகநூலில் விலைக்கு வரும் பாவித்த ரெகுலேட்டரை. சிலிண்டர்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி அது. "பிராண்ட் சாமான், இரண்டு தடவைதான் இறங்கியது, அவசரமாக விற்கிறேன்" என்று நாலு படத்தோடு ஒரு விளம்பரம் போதும், ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கிவிடுகிறார்கள். அப்படிப் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதை உங்கள் பத்திரிகை வழியாக எழுதுகிறோம். கடிதம் நீளந்தான். சுருக்கினால் ஆபத்தான இடத்தில்தான் வெட்டு விழும்.

ரெகுலேட்டருக்குக் கொடுக்கும் காசு வாங்கும் நாளோடு தீர்வதில்லை. வருடத்துக்கு ஒரு பரிசோதனை. இரண்டு வருடம் அல்லது 100 இறக்கம், எது முந்துகிறதோ அப்போது முழுச் சேர்விஸ். பல கம்பனிகளின் கைநூலில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முழுச் சேர்விஸ் என்றால் சிலிண்டரில் பூட்டும் முதல் ஸ்டேஜ், வாயில் வைக்கும் இரண்டாம் ஸ்டேஜ், அவசரத்துக்குத் தொங்கும் ஒக்டோபஸ் மூன்றையும் கழற்றிக் கழுவி, ஓ-ரிங் என்ற இறப்பர் வளையம், வால்வை அடைக்கும் சீட், வடிகட்டி எல்லாம் புதிதாகப் போட்டு அழுத்தம் சரிசெய்வது. இந்த மாற்றுப் பாகங்கள் அடங்கிய பொதிதான் கிட். மூன்றுக்கும் மூன்று கிட். ஒரு கம்பனியின் கிட் இன்னொரு கம்பனிக்குப் பொருந்தாது. ஒரே கம்பனியிலும் மொடலுக்கு மொடல் மாறும். ஆகவே விற்பவரிடம் விலை பேச முன்பே, இந்த மொடலின் கிட் இலங்கையில் யாரிடம் கிடைக்கிறது, யார் போட்டுத் தருவார், கூலி என்ன என்று கரையோரச் சுழியோடல் நிலையங்கள் இரண்டு மூன்றில் விசாரித்து முடித்திருக்க வேண்டும். "கிட் சிங்கப்பூரிலிருந்து எடுப்பிக்கலாம்" என்ற பதில் வந்தால் அந்த மொடலை விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பாவித்த செட் 40,000 ரூபாவுக்குக் கிடைக்கிறது. மூன்று கிட், கூலி, வெடித்த ஹோஸ் இரண்டு மாற்ற இன்னும் 45,000 ஆகிறது. அப்படியானால் அது 85,000 ரூபாச் செட். பெயர்பெற்ற கம்பனிகளின் அடிமட்டச் செட் வெளிநாட்டில் புதிதாகவே 250 முதல் 400 டொலருக்குள் கிடைக்கிறது. இங்கு வந்து சேரும்போது வரியும் கூலியும் ஏறும் என்றாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளம்பரத்தில் தெரிவது போல அவ்வளவு பெரிதல்ல. விற்பவர் சேர்விஸ் ரசீது காட்டினால் விலையைக் கூட்டிக் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் "இப்பதான் சேர்விஸ் பண்ணினது" என்று வாயால் சொன்னால், சேர்விஸ் பண்ணாதது என்றே கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று. வருடத்தில் பத்துப் பதினைந்து தடவை மட்டும் இறங்குகிறவருக்குச் சொந்த ரெகுலேட்டர் தேவையே இல்லை. நிலையத்தில் வாடகைக்கு எடுப்பது மலிவு. சேர்விஸ் தலையிடியும் அவர்களுடையது. அந்தக் காசில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் ஒன்றும், ஆழமும் நேரமும் கணக்கிடும் டைவ் கொம்பியூட்டர் ஒன்றும் முதலில் எடுங்கள். ரெகுலேட்டர் வாங்க வேண்டியவர்கள் பருவம் முழுவதும் கிழமைக்கு நாலைந்து நாள் இறங்குகிறவர்களும், அப்படி வேலைக்குப் போகப் பயிற்சியை முடித்தவர்களுந்தான்.

இனி வகை. அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வோம்; கடல் மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை முதல் ஸ்டேஜ் சுற்றுப்புற அழுத்தத்தை விட 9 முதல் 10 பார் கூடிய அளவுக்குக் குறைக்கிறது. இதை இடை அழுத்தம் என்போம். அதை இரண்டாம் ஸ்டேஜ், நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு இறக்கி வாய்க்குத் தருகிறது. முதல் ஸ்டேஜ் மூன்று வகையில் கிடைக்கும்: பெலன்ஸ் செய்யாத பிஸ்டன், பெலன்ஸ் செய்த பிஸ்டன், பெலன்ஸ் செய்த டயப்ரம். பெலன்ஸ் செய்தது என்றால் சிலிண்டர் அழுத்தம் இறங்கினாலும் இடை அழுத்தம் மாறாதது. டயப்ரம் என்பது வளைந்து கொடுக்கும் இறப்பர்த் தகடு.

பெலன்ஸ் செய்யாத பிஸ்டனில் அசையும் பகுதிகள் மிகக் குறைவு: ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு சீட், சில ஓ-ரிங். ஸ்கூபாபுரோ எம்கே2, கிரெஸ்ஸி ஏசி2 இந்த வகை. கெட்டுப்போக வேண்டிய சாமான் குறைவு என்பதால் சேர்விஸும் மலிவு. குறை என்னவென்றால், சிலிண்டர்க் காற்றின் அழுத்தமே வால்வைத் திறக்க உதவி செய்கிறது. சிலிண்டர் இறங்க இறங்க அந்த உதவியும் இறங்கும். 200 பாரில் 9.5 காட்டும் இடை அழுத்தம் 50 பாரில் 8.5 அளவுக்கு, சிலதில் அதற்கும் கீழே, வந்துவிடும். 12 மீற்றரில் மூச்சு நிதானமாக எடுக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. 30 மீற்றரில், சிலிண்டர் முடியும் தறுவாயில், பயந்துபோன இன்னொருவரும் உங்கள் ஒக்டோபஸைப் பிடித்துக்கொண்டால் அப்போது தெரியும். கணக்கு இதுதான்: மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் ஆள் 30 மீற்றரில் 80 லீற்றர் இழுப்பார், ஏனென்றால் அங்கே அழுத்தம் 4 பார். இரண்டு பேர் என்றால் 160. ஒரு முதல் ஸ்டேஜ் அவ்வளவையும் தடங்கலில்லாமல் தர வேண்டும்.

புறாத்தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் உல்லாசப் பயணிகளைக் கூட்டிப் போகிறவருக்கு, 18 மீற்றர் எல்லைக்குள் நிற்கிறவருக்கு, பெலன்ஸ் செய்யாத பிஸ்டன் தாராளமாகப் போதும். 30 மீற்றருக்குத் தொடர்ந்து போகிறவர் டயப்ரம் வாங்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஸ்கூபாபுரோ எம்கே11, கிரெஸ்ஸி எம்சி9, ஏபெக்ஸ் டிஎஸ்4 போன்றவை அந்த வகை. இவற்றில் சிலிண்டர் 200 பாரில் இருந்தாலும் 50 பாரில் இருந்தாலும் இடை அழுத்தம் அசையாது. உப்பும் சேறும் உள் இயந்திரத்தைத் தொடாதபடி டயப்ரம் தடுக்கும். பெலன்ஸ் செய்த பிஸ்டனும் அருமையான சாமான், காற்றை வாரிக் கொடுக்கும். ஆனால் அதன் ஸ்பிரிங் அறைக்குள் கடல் தண்ணீர் போய் வரும். கழுவுவதில் சோம்பல் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் விலைகூடிய செட் தேடுகிறவர்களும் உண்டு. கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40 மீற்றர். அந்த இடத்துக்கு வேண்டியது வேறு பயிற்சி, வேறு வாயு, இரட்டைச் சிலிண்டர். ரெகுலேட்டர் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

பூட்டும் முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலான சிலிண்டர்களில் நுகம் போல மேலே மாட்டித் திருகும் யோக் வகைதான் போகும். அதன் எல்லை 232 பார். டின் என்ற திருகு வகை உறுதியானது. அதற்கு யோக் அடப்டர் ஒன்று வாங்கினால் எந்தச் சிலிண்டரிலும் பூட்டலாம். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் டின், அடப்டரோடு. டின் கிடைக்கவில்லை என்று வருந்தவும் தேவையில்லை.

இப்போது பாவித்த செட்டைப் பரிசோதிக்கும் முறை. இதைக் காசு கொடுக்க முன் செய்ய வேண்டும். நிறைந்த சிலிண்டர் உள்ள இடத்தில் செய்ய வேண்டும். விற்பவர் நாவலப்பிட்டியிலோ பதுளையிலோ இருந்து, சிலிண்டர் இல்லை என்றால், கரையில் ஒரு நிலையத்தில் சந்திக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. கையில் கொண்டுபோக வேண்டியது ஒரு டோர்ச், ஒரு பிளாஸ்டிக் பேசின், ஓர் அடிக்கோல், இடை அழுத்தக் கேஜ் ஒன்று. அந்தக் கேஜ், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. அங்கிக்குக் காற்றடைக்கும் ஹோசின் முனையில் கிளிக்கென்று பூட்டுவது. வெளிநாட்டில் 20 முதல் 40 டொலர். ரெகுலேட்டரை விட முதலில் இதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வோம்.

முதலில் கண்ணால் பார்ப்பது. முதல் ஸ்டேஜின் தூசி மூடியைக் கழற்றினால் காற்று நுழையும் வாயில் சிறிய உலோக வடிகட்டி தெரியும். டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளிச் சாம்பல் நிறம் என்றால் நல்லது. பச்சை என்றால் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கிறது. மூடி போடாமல் கழுவியிருப்பார்கள். செங்கபிலம் என்றால் துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் ஓடியது. கறுப்பு என்றால் கொம்பிரசரின் எண்ணெயோ கரியோ வந்திருக்கிறது, அதே காற்றைத்தான் ஒருவர் மூச்சாக இழுத்திருக்கிறார். பச்சை நிறம் வடிகட்டியில் மட்டும் நிற்காது. உள்ளே பித்தளையும் அரித்திருக்கும். சீட் உட்காரும் கூர்விளிம்பு உடம்பிலேயே கடைந்தெடுத்ததாக உள்ள மொடல்களில், அந்த விளிம்பு அரித்தால் எந்தக் கிட்டும் உதவாது. முழு உடம்பையும் மாற்ற வேண்டும். எனவே பச்சை கண்டால் வாங்காதீர்கள், எவ்வளவு இறங்கி வந்தாலும் சரி.

ஹோஸ்களை உலோக முனை சேரும் இடத்தில் மடித்துப் பாருங்கள். இறப்பரில் வெடிப்புத் தெரிந்தால் ஹோஸ் போய்விட்டது. மேலே நூல் பின்னிய ஹோஸ்களுக்கு வேறு வருத்தம் உண்டு: வெளியே புதிது போலவே இருக்கும், ஆனால் உள் குழாயின் பிளாஸ்டிக் வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் சிதைந்து மஞ்சள் துகளாகி, காற்று வழியை அடைத்துவிடும். நம் நாடு அப்படிப்பட்ட நாடுதான். வயது தெரியாத பின்னல் ஹோசை மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள். மவுத்பீஸில் பல்லுக் கடி ஓட்டை இருந்தால் அது சிறு செலவு, கவலை வேண்டாம்.

அடுத்தது வாயால் இழுக்கும் சோதனை. சிலிண்டரில் பூட்டாமல், தூசி மூடியை இறுக்கிப் போட்டுவிட்டு இரண்டாம் ஸ்டேஜை வாயில் வைத்து இழுங்கள். கொஞ்சமும் காற்று வரக்கூடாது. வாய் உள்ளே ஒட்ட வேண்டும். காற்று வந்தால் இறப்பர் டயப்ரத்தில் ஊசி ஓட்டை, வெளிவிடும் வால்வு மடிந்திருக்கிறது, இல்லாவிட்டால் கவசத்தில் வெடிப்பு. தண்ணீருக்குள் மூச்சோடு தண்ணீரும் வருவது இதனால்தான். பெரும்பாலும் மலிவாகத் தீரும். ஒக்டோபஸுக்கும் இதையே செய்யுங்கள். பலர் ஒக்டோபஸைப் பார்ப்பதே இல்லை, ஆனால் பயத்தில் இருப்பவர் மூச்செடுக்கப் போவது அதில்தான்.

பிறகு சிலிண்டரில் பூட்டி, இடை அழுத்தக் கேஜையும் மாட்டுங்கள். சிலிண்டர்க் கேஜின் முகத்தை யாருடைய முகத்துக்கும் நேராக வைக்காமல் வால்வை மெதுவாகத் திறந்து, கடைசி வரை திறந்துவிடுங்கள். கால் சுற்று திரும்ப மூடும் பழைய பழக்கம் வேண்டாம். அந்தக் கால் சுற்றைத் திறக்கிறேன் என்று மூடிவிட்டு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் ஸ்டேஜின் முகத்தில் காற்றைத் திறந்துவிடும் பேர்ஜ் பட்டனை ஒரு பத்துத் தடவை அமர்த்தி விடுங்கள். முள் 9க்கும் 10க்கும் இடையில் வந்து டக்கென்று நிற்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது ஒரு பார் அளவுக்கு இறங்கி, விட்டதும் உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். இப்போது ஐந்து நிமிடம் யாரும் தொடாமல் பாருங்கள். முதல் சில வினாடிகளில் முள் 0.2, 0.3 பார் ஏறி நின்றால் பரவாயில்லை. நிற்காமல் ஊர்ந்து ஏறிக்கொண்டே போனால் உயர் அழுத்த சீட் தேய்ந்துவிட்டது. அந்தக் காற்று எங்காவது போக வேண்டும். இரண்டாம் ஸ்டேஜைத் தள்ளித் திறந்து கொட்டத் தொடங்கும். கடலுக்குள் "ரெகுலேட்டர் தானாகவே காற்றைக் கொட்டுகிறது" என்று மேலே ஓடி வருகிறவர்களில் பலருக்கு வருத்தம் இரண்டாம் ஸ்டேஜில் இருப்பதில்லை, இங்கேதான் இருக்கிறது. சிலிண்டரை 50 பாருக்கு இறக்கியும் ஒருமுறை பாருங்கள். பெலன்ஸ் செய்தது என்று விற்கும் சாமானில் முள் இறங்கியிருந்தால் காரணம் கேளுங்கள்.

இந்தச் சோதனையை ஹட்டனில் செய்தாலும் நிலாவெளியில் செய்தாலும் எண் ஒன்றுதான். கேஜ் சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டுமே காட்டுகிறது. உயரத்துக்கென்று தனிக் கணக்குத் தேவையில்லை.

பேசினுக்கு வருவோம். காற்றுத் திறந்திருக்க, இரண்டாம் ஸ்டேஜின் மவுத்பீஸ் மேலே பார்க்க, முகம் கீழே இருக்க, தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். வால்வு திறந்து சீறத் தொடங்கும் கணத்தில் டயப்ரம் எத்தனை சென்றிமீற்றர் ஆழத்தில் இருக்கிறதென்று அடிக்கோலால் பாருங்கள். 2.5 முதல் 4 வரை என்றால் நல்லது. அதற்கு முன்பே சீறினால் மிக இலகுவாக வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் குதித்ததும் கொட்டும். 5 தாண்டியும் வராவிட்டால் மூச்சு பாரமாக இருக்கும். ஒக்டோபஸ் மட்டும் 4, 5 என்று கொஞ்சம் இறுக்கமாக இருப்பது சரியே, அது தொங்கிக்கொண்டு போவதால் அப்படி வைப்பார்கள். முறுக்கும் குமிழ் உள்ள மொடலில் குமிழை முழுக்கத் திறந்துவிட்டு அளவெடுங்கள். சிறு நெம்பு இருந்தால் கழித்தல் குறிக்குத் தள்ளிவிடுங்கள். குதித்தவுடன் ஒரு தடவை கொட்டுவதைப் பழுது என்று எண்ண வேண்டாம்: மவுத்பீஸைக் கீழே திருப்பினால் நிற்கும்.

கடைசியாக எல்லாவற்றையும் அழுத்தத்தோடு தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடுங்கள். யோக் சேரும் இடத்தில் குமிழி என்றால் அநேகமாகச் சிலிண்டரின் 014 இலக்க ஓ-ரிங்தான், ரெகுலேட்டரில் பிழை இல்லை. டின் வகையில் 112. குறை அழுத்த ஹோஸ் முனையில் 011, உயர் அழுத்தத்தில் 012. இந்த நாலு இலக்கமும் ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். கேஜ் தலை சுழலும் இடத்தில் வரும் குமிழியும் சின்னச் செலவே. முதல் ஸ்டேஜின் உடம்பிலிருந்தே, ஸ்பிரிங் அறைத் துளைகள் வழியாக, குமிழி வந்தால் அது சேர்விஸ் வேலை.

ஹோஸ் மாற்றுகிறவர்கள் கையால் முழுக்கத் திருகியபின் ஸ்பானரால் மெதுவாக ஒரு பிடி போட்டால் போதும். சைக்கிள் நட் போல இறுக்கினால் அடுத்த தடவை உடம்போடுதான் கழன்று வரும். குறை அழுத்தத் துளையின் மறை 3/8 அங்குலம், உயர் அழுத்தத்துடையது 7/16 அங்குலம். மாறிப் பூட்ட முடியாதபடிதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். அடப்டர் தேடி அதையும் மாற்றிப் பூட்டுகிறேன் என்று வெளிக்கிட வேண்டாம்.

இனி, காசு கொடுக்கத் தேவையில்லாதவை. குளிர்நீர்ச் சீல் என்று விலை கூட்டுவார்கள். ஐரோப்பிய ஈஎன் 250 தரத்தில் குளிர்நீர் என்பது 10 பாகை செல்சியஸுக்குக் கீழே. நம் கடல் 27, 28 பாகை. நம் நீர்த்தேக்கங்கள் மார்கழி தை மாதங்களில் கூடப் பத்துக்குப் போவதில்லை, வெளியே புல்லில் பனி உறைந்தாலும். சேறு புகாமல் தடுக்கிறது என்பதற்காக அந்தச் சீலை விரும்பினால் அது வேறு நியாயம். டைட்டேனியம், சுழலும் தலை, ஐந்தாவது ஆறாவது துளை எல்லாம் ஒரு சிலிண்டரோடு இறங்குகிறவருக்கு வீண். உயர் அழுத்தத் துளை ஒன்று, குறை அழுத்தத் துளை நாலு இருந்தால் கணக்குச் சரி. ஆனால் பெயர் தெரியாத இணையக் கடைச் சாமானில் கவனமாக இருங்கள். ஈஎன் 250 என்ற எழுத்தும், ஐரோப்பியச் சீஈ குறியோடு நாலு இலக்க எண்ணும் உடம்பில் பொறித்திருக்க வேண்டும். அந்த நாலு இலக்கம் பரிசோதித்த நிறுவனத்தின் எண். குறி மட்டும் இருந்து எண் இல்லையென்றால் நம்ப வேண்டாம். அமெரிக்கப் பழைய பெயர்கள் சில, டேகோர் போன்றவை, இப்போது தயாரிப்பில் இல்லை. எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிட்டுக்கு அலைய வேண்டி வரும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று, முகநூலில் அடிக்கடி வரும் கைக்கடக்கச் சிலிண்டர். சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றால் அடித்து, வாயில் கடித்துக்கொண்டு மீன் போல நீந்தலாம் என்று காட்டுகிறார்கள். 0.5 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அடித்தால் உள்ளே இருப்பது 100 லீற்றர் காற்று. 10 மீற்றரில் நிமிடத்துக்கு 40 லீற்றர் போகும், இரண்டரை நிமிடம். பதறினால் ஒரு நிமிடம். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறக்கூடாது என்பது கூடத் தெரியாதவரின் நுரையீரல் கிழிவதற்கு அந்த இரண்டரை நிமிடம் தேவைப்படாது, சில மீற்றர் ஆழமே போதும். இதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக் குளத்திலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ இறங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வாங்கிய சாமானை மலையில் வைத்திருப்பது தனி விடயம். கரையில் வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் காய்வது, ஆடி மாத ஹட்டனில் மூன்று நாளிலும் காயாது. கடலில் இருந்து ஏறிய அன்றே, தூசி மூடியைத் துடைத்து உலர்த்தி இறுக்கிப் போட்டபின், நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். பீலித் தண்ணீர் என்றால் துணியில் வடித்து எடுங்கள். ஊறும்போது பேர்ஜ் பட்டனை அமர்த்தக் கூடாது. அமர்த்தினால் வால்வு திறந்து தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் ஸ்டேஜுக்குப் போய்விடும். சிலிண்டரில் பூட்டி, அழுத்தத்தோடு கழுவ முடிந்தால் அதுதான் மிக நல்லது. பிறகு ஹோஸ் மடியாமல் அகலமாகச் சுருட்டி, காற்றோட்டமுள்ள அறையில் தொங்கவிடுங்கள். விறகடுப்புக்கு மேலே காயப்போடுவது மலைநாட்டு வழக்கம், உடுப்புக்குச் சரி, இதற்கு ஆகாது: புகையும் சூடும் இறப்பரைத் தின்னும். மண்ணெண்ணெய்ப் போத்தலும் மோட்டார் சைக்கிளும் நிற்கும் அறையும் வேண்டாம். காய்ந்தபின் பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வலைப் பையில் போட்டு, மவுத்பீஸின் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். கரப்பான் உள்ளே புகுந்து கிடப்பது கதையல்ல. மாதத்துக்கு ஒருமுறை வாயால் இழுக்கும் சோதனையைச் செய்து பாருங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின், டபிள்யூடி-40 எதையும் பூச வேண்டாம். ஓ-ரிங்குக்கு சிலிக்கன் கிறீஸ், அதுவும் பளபளக்கும் அளவுக்கு மட்டும். சிலிக்கன் இறப்பரால் ஆன டயப்ரத்தில் அதுவும் படக்கூடாது, ஊதிப்போகும். ஒட்சிசன் கூடிய நைட்ரொக்ஸ் பாவிக்கிறவர் தனிக் கிறீஸும் தனிச் சேர்விஸும் கேட்டுச் செய்ய வேண்டும்.

மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் இரண்டும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே. மவுசாகலையில் தண்ணீர் வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் கட்டடங்களும் தலைகாட்டுவதைப் பார்த்து, அதற்குள் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ரெகுலேட்டர் அங்கும் வேலை செய்யும், ஆனால் அது ஒரு பொருட்டே அல்ல. கீழே சேறு, மரக்கட்டை, கம்பி. கை நீட்டினால் விரல் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேலே போனால், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற அட்டவணைக் கணக்கே மாறும். அனுமதியும் உயரச் சுழியோடல் பயிற்சியும் இல்லாமல் இறங்கவே கூடாது.

கடைசியாக, கடலில் இருந்து வீட்டுக்குத் திரும்புவது. நிலாவெளியில் மாலை ஏறி, இரவு பஸ் பிடித்து விடியுமுன் நுவரெலியா வந்து சேர்கிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நாலு பங்கு. சுழியோடும்போது உடம்பில் கரைந்த நைதரசன் அழுத்தம் குறைந்தால் குமிழியாகும்; அதற்கு இது விமானத்தில் ஏறுவதற்குச் சமம். டைவர்ஸ் அலர்ட் நெற்வேர்க் என்ற சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பு விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளி, ஒரே ஒரு சாதாரண இறக்கம் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒரு நாளில் பல தடவை அல்லது தொடர்ந்து பல நாள் இறங்கினால் 18, தரிப்பு வைத்து ஏற வேண்டிய ஆழ இறக்கத்துக்கு அதைவிடவும் நன்றாகக் கூட. இந்தக் கணக்கு சுமார் 600 மீற்றர் முதல் 2,400 மீற்றர் வரையான உயர அழுத்தத்துக்கு உரியது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை எல்லாம் அதற்குள் அடங்கும். வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மூன்று தடவை இறங்குகிறார்கள், ஆகவே அவர்களுக்கு 18 தான். அந்த மணித்தியாலங்களைக் கரையிலேயே, இல்லாவிட்டால் தம்புள்ளையில் தங்கிக் கழித்துவிட்டு மலையேறுங்கள். ஏறியபின் மூட்டுவலியோ தோல் நமைச்சலோ கைகால் விறைப்போ வந்தால் களைப்பு என்று படுக்காமல், கடலில் இறங்கிய நேரத்தையும் ஆழத்தையும் சொல்லி உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். லீவு கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, பஸ் ஆசனத்தை அடுத்த நாள் பின்னேரத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சுழியோடல் உபகரணங்கள் பராமரிக்கும் வாசகர்கள்,
ஹட்டன்.